சம்பளப் பாக்கி வைத்த கடைக்காரர் பெயரை ஊரறியச் செய்ய மதுரையில் சட்டப்படி வழி உண்டா?

கேட்டிருப்பது இதுதான்: விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்து நின்றுவிட்ட தம்பிக்கு 2 மாதச் சம்பளம் பாக்கி. அமெரிக்காவின் கொலராடோவில் சம்பளம் தராத நிறுவனங்களின் விவரத்தை யாரும் பார்க்கலாம் என்று 2017இல் சட்டமே வந்துவிட்டது. இங்கே அப்படி உண்டா, இல்லை முகநூலில் கடை பெயரைப் போட்டுவிடலாமா?

முகநூல் இப்போதைக்கு வேண்டாம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் கடைக்காரர் அவதூறு வழக்குப் போட்டால், சொன்னது உண்மை, அதுவும் பொது நன்மைக்காகச் சொன்னது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். சம்பளக் கோரிக்கையில் நிலைமை நேர்தலைகீழ்: கொடுத்துவிட்டேன் என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது (ஊதியச் சட்டத் தொகுப்பு 2019, பிரிவு 59). அந்த வசதியை விட்டுவிட்டு ஏன் எதிராளி மைதானத்துக்குப் போக வேண்டும்?

பெயரை ஒட்டும் சட்டம் நம் மாநிலத்தில் 1864 முதலே இருக்கிறது. தமிழ்நாடு வருவாய் வசூல் சட்டம், நிலவரி பாக்கிக்காக வெள்ளைக்காரன் போட்டது. தொழிலாளர் துறையில் மனு கொடுத்து வாங்கும் சம்பள உத்தரவை முதலாளி மதிக்காவிட்டால், அங்கே விசாரித்த அதிகாரி கலெக்டருக்கு வசூல் சான்று அனுப்புவார். பாக்கி நிலவரி பாக்கியாகவே வசூலிக்கப்படும். கடைச் சரக்கை ஜப்தி செய்யலாம். நிலம், கட்டடம் ஏலத்துக்கு வந்தால் 36ஆம் பிரிவுப்படி, பாக்கிதாரர் பெயரும் சொத்து விவரமும் போட்ட நோட்டீஸ் குறைந்தது ஒரு மாதம் முன்பே கலெக்டர் ஆபீஸ், தாலுகா ஆபீஸ், பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷன், அந்த இடம் ஆகியவற்றில் ஒட்டப்பட வேண்டும். மாசி வீதி வியாபாரிக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் கிடையாது. நோட்டீஸ் தயாராகிறது என்று தெரிந்ததுமே பணத்தோடு வரக்கூடியவர்கள் உண்டு.

ஆனால் அதுவரை போய்ச் சேர, முதல் மனுவிலேயே எதிர்மனுதாரர் பெயர் சரியாக இருக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். போர்டில் இருக்கும் கடைப் பெயரை மட்டும் எழுதினால், உத்தரவு வாங்கிய பிறகு தாசில்தார் 'இந்தப் பெயரில் சொத்து இல்லை' என்று எழுதி அனுப்பிவிடுவார். நுழைவாயில் பெயர்ப்பலகையில் ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பில்லில் பாருங்கள். 15 இலக்கம், தமிழ்நாடு என்றால் 33இல் தொடங்கும். ஆறாவது இடத்தில் உள்ள எழுத்து 'பி' என்றால் தனிநபர், 'எஃப்' என்றால் கூட்டு நிறுவனம், 'சி' என்றால் கம்பெனி. ஜிஎஸ்டி தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் சட்டப் பெயர் வரும். அந்தப் பெயர், கடைப் பெயர், தெரிந்த பங்குதாரர்கள் எல்லாரையும் சேர்த்து எழுதுங்கள். கான்ட்ராக்டர் மூலம் எடுத்திருந்தால் கடை உரிமையாளரையும் விடாதீர்கள். கான்ட்ராக்டர் தராவிட்டால் பொறுப்பு உரிமையாளர்மேல் விழும்.

கணக்கை மாதவாரியாகப் போடுங்கள்: வேலை நாள், பேசிய சம்பளம், வந்தது, பாக்கி. ஓவர்டைமை மறந்துவிடுகிறார்கள். 14,000 ரூபாய் சம்பளத்தில் 26 நாள், 8 மணி நேரம் என்று பார்த்தால் மணிக்கு ஏறக்குறைய 67 ரூபாய். கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்பு. தினம் 2 மணி நேரம் கூட நின்றிருந்தால் மாதம் 52 மணி நேரம், சரியாக 7,000 ரூபாய். கேட்காததை யாரும் தரமாட்டார்கள். வாங்கிய அட்வான்ஸை நீங்களே கழித்துக் காட்டிவிடுங்கள். மறைத்தது தெரிந்தால் மற்ற கணக்கையும் நம்பமாட்டார்கள்.

ஆதாரத்துக்கு ஜிபே வரவு, பாஸ்புக், பிஎஃப் பதிவு, ஷிஃப்ட் போடும் வாட்ஸ்அப் குரூப், யூனிஃபார்ம் போட்டோ, கூட வேலை பார்த்தவர் சாட்சி, எது கிடைத்தாலும் சரி. குரூப்பிலிருந்து தூக்குவதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்.

மனுவை மதுரை தொழிலாளர் துறை அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். மேலே சொன்ன ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கிறது. அதன்படி மனு கொடுக்கக் கெடு 3 ஆண்டு. பழைய சட்டங்களில் குறைந்தபட்சக் கூலிக்கு 6 மாதம், சம்பளத்துக்கு ஓராண்டுதான். பாக்கி அந்தத் தேதிக்கு முந்தையது என்றால் எந்தக் கெடு என்ற வாதம் கிளம்பும், தள்ளிப்போடாதீர்கள். வேலையை விட்ட 2 வேலை நாளுக்குள் கணக்கு முடித்திருக்க வேண்டும் என்பதையும், பாக்கியோடு 10 மடங்கு வரை இழப்பீடு தர உத்தரவிட அதிகாரிக்கு அதிகாரம் உண்டு என்பதையும் மனுவில் எழுதுங்கள். பத்து மடங்கு உச்சவரம்புதான், அப்படியே கிடைக்கும் என்று கனவு காண வேண்டாம்.

விசாரணைத் தேதியைத் தவறவிட்டால் மனு தள்ளுபடி ஆகலாம். இடையில் 'பாதி வாங்கிக்கோ, வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போடு' என்பார்கள். சம்பள உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாதுதான், ஆனாலும் பணம் வங்கியில் ஏறும் முன் கையெழுத்து வேண்டாம். வக்கீல் வைக்க வசதி இல்லாவிட்டால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பே இல்லை.

உத்தரவு வந்ததும் சான்றிட்ட நகல் வாங்குங்கள். எழுதியே ஆக வேண்டுமென்றால் அப்போது எழுதுங்கள்: உத்தரவு எண், தேதி, தொகை, கட்டப்படவில்லை என்ற செய்தி. ஒரு வசைச்சொல் கூட வேண்டாம். வசூல் சான்று கலெக்டர் ஆபீஸ் போனதும் அதன் எண்ணைக் கேட்டு வாங்கி, கடைக்காரருக்கு வேறெங்காவது சொத்து இருந்தால் அதன் சர்வே எண்ணை வில்லங்கச் சான்றோடு கொடுங்கள். கடை மதுரையிலும் நிலம் திருமங்கலம் தாலுகாவிலும் இருந்தால் கோப்பு அங்கே போக வேண்டும், பாதி தாமதம் அந்த நடையில்தான். அசையவில்லை என்றால் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் அந்த எண்ணைப் போட்டு மனு, பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு கேள்வி. அதற்கும் நகராவிட்டால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் (அரசு அலுவலகம் தன் கடமையைச் செய்ய உத்தரவிடக் கேட்கும் மனு) போடலாம்.