17 மீட்டரில் மேலே வந்துவிடும் மகனுக்கு என்ன பயிற்சி?

கேள்வி: ஜேர்மனியில், டோர்ட்முண்டில் இருக்கிறோம். 19 வயது மகன் கோடையில் நீச்சல் தடாகத்தில் வேலை செய்வதற்காக உயிர்காப்பு நீச்சலில் வெள்ளிச் சான்றிதழ் எடுக்கப் பார்க்கிறார். மற்றதெல்லாம் சரி. தண்ணீருக்கடியில் ஒரே மூச்சில் 25 மீட்டர் போகச் சொன்னால் 17 மீட்டரோடு மேலே வந்துவிடுகிறார். முழுகுவதற்கு முதல் இருபது தரம் வேகமாக மூச்சை இழுத்து விட்டால் போய்விடலாம் என்று சிநேகிதன் சொன்னானாம். விடியவே தனியாகப் போய்ச் செய்து பார்க்கிறார். இது சரியா?

பதில்: அந்தத் தனிப் பயிற்சியை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள், அம்மா. மிச்சத்தைப் பிறகு பேசலாம்.

மூச்சு முட்டுவது ஒட்சிசன் குறைவதால் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ‘மேலே வா’ என்று உடம்பை விரட்டுவது பெரும்பாலும் இரத்தத்தில் ஏறும் காபனீரொட்சைட்டு. வேகவேகமாக மூச்சு விட்டால் அது வெளியே போய்விடும். ஒட்சிசனோ பெரிதாக அதிகரிக்காது. சும்மா இருக்கும்போதே இரத்தம் ஒட்சிசனால் கிட்டத்தட்ட நிறைந்துதான் இருக்கிறது. ஆகவே முட்டல் பிந்துகிறது, அதற்குள் ஒட்சிசன் தீர்ந்து நினைவு போகிறது. துடிப்பு, சத்தம் எதுவும் இராது. கரையில் நிற்பவருக்குப் பிள்ளை இன்னும் நீந்துவது போலவே தெரியும். 2011இல் நியூயோர்க்கின் ஸ்டேட்டன் ஐலண்டில், படைப் பயிற்சிக்காக மூச்சடக்கிப் பழகிய இரண்டு இளைஞர்கள் பொதுத் தடாகத்தில் இப்படித்தான் இறந்தார்கள். ஆழமான தண்ணீர்கூட இல்லை.

அப்படியென்றால் ஆழ்ந்த மூச்சே எடுக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். எடுக்கலாம். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் சாதாரணமாக மூச்சு விடட்டும். பிறகு ஆறுதலாக ஒன்று, அதற்குப் பிறகு நிறைய ஒன்று, உடனே முழுகலாம். ஒன்றிரண்டு என்றால் ஒன்றிரண்டுதான். ‘ஐந்து எடுத்தேன், மெதுவாகத்தான் எடுத்தேன்’ என்று என்னிடம் வாதாடும் பிள்ளைகள் உண்டு. மெதுவாக ஆனால் ஆழமாகப் பல தரம் எடுத்தாலும் காபனீரொட்சைட்டு போகத்தான் செய்யும். தலை லேசாகச் சுற்றினாலோ விரல் நுனி விறுவிறுத்தாலோ எல்லை தாண்டியாயிற்று. அந்தத் தரம் முழுகவே கூடாது.

இனி அந்த 17 மீட்டர். 25 மீட்டருக்கு அரை நிமிடம்கூடப் பிடிக்காது. கதிரையில் இருந்துகொண்டு அரை நிமிடம் மூச்சடக்கச் சொல்லிப் பாருங்கள், சிரித்துக்கொண்டே அடக்குவார். ஆகவே நுரையீரலில் குறையில்லை. பயத்தில் கை காலை அவசரமாக அடித்து இருக்கிற ஒட்சிசனை எரிக்கிறார். சுவரை உதைத்ததும் உடம்பை நேராக்கி, வேகம் குறையும் வரை வழுக்கிப் போகட்டும். பிறகு கைகளைத் தொடை வரை ஒரே இழுவையாக இழுத்து, அப்படியே மறுபடி வழுக்க வேண்டும். பார்வை தரையில். தலை நிமிர்ந்தால் உடம்பு மேலே ஏறும். 10 மீட்டரை எத்தனை இழுவையில் முடிக்கிறார் என்று எண்ணி, அதைக் குறைத்துக்கொண்டு வந்தால் தூரம் தானாகக் கூடும். ஒவ்வொரு முழுகலுக்கும் பின் இரண்டு நிமிடமாவது ஓய்வு. ஒரு நாளில் நாலைந்து போதும். கரையில் ஒருவர் இவரை மட்டுமே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். ஐம்பது பேரைப் பார்க்கும் தடாகக் காவலர் (பாடமைஸ்டர்) அந்த ஆள் ஆகமாட்டார். முட்டினால் உடனே மேலே வருவதுதான் சரி. உங்கள் மகன் 17இல் வந்தது நல்ல காரியம், ஏசாதீர்கள்.

இணையத்தில் ‘முப்பது நாளில் நுரையீரல் இரட்டிப்பு’ என்று காசு வாங்கும் கூட்டத்திடம் போகவேண்டாம். அவர்களுடைய மூச்சு அட்டவணைகளால் இந்தத் தேர்வுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. இன்னொரு கூட்டம் ‘சனி ஞாயிறில் வெள்ளிச் சான்றிதழ் உறுதி’ என்கிறது. ஜேர்மனிய உயிர்காப்புச் சங்கமான டி.எல்.ஆர்.ஜி., செஞ்சிலுவையின் நீர்மீட்புப் பிரிவான வாசர்வாக்ட் போன்ற அமைப்புகளின் தேர்வாளர் முன்னால் நீந்தாமல் வாங்கும் தாள் வெறும் தாள்தான். 25 மீட்டரோடு, 15 நிமிடத்துக்குள் 400 மீட்டர், உடுப்போடு 12 நிமிடத்துக்குள் 300 மீட்டர், அடியிலிருந்து 5 கிலோ வளையம் எடுப்பது எல்லாம் அங்கே செய்து காட்ட வேண்டும்.

அந்த அமைப்புகளில் இடம் கிடைப்பது லேசு என்று சொல்லமாட்டேன். கோடை வந்தால் தடாகத்துக்கு ஆளில்லை என்று பத்திரிகைகளில் அழுகிறார்கள். வகுப்புக்குப் பெயர் கொடுத்தால் காத்திருப்புப் பட்டியல் என்கிறார்கள். இருக்கிற தடாகங்களையும் ஒவ்வொன்றாக மூடினால் பிள்ளைகள் எங்கே பழகுவது? ஒரு கிளையை நம்பி இருக்காமல் பக்கத்து நகரங்களின் கிளைகளுக்கும் இப்போதே எழுதுங்கள். வேலை தரும் தடாகத்திடம் சான்றிதழ் எவ்வளவு காலத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும் என்றும் கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் 2 ஆண்டு என்பார்கள்.