மிச்சிகனுக்கு வந்த தம்பிக்கு, பாப் சீகர் பற்றி

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மறைமலைநகர் ஃபோர்டு ஆலை 2022இல் நின்றபின் வேறு வேலைகள் பார்த்து, இப்போது ஃபோர்டின் தலைமையகம் இருக்கும் டியர்பார்னுக்கு வந்திருக்கிறீர்கள். உங்கள் அணியில் மூத்தவர் ஒருவர் ஓய்வு பெறுகிறார். பிரிவுபசார பாட்லக்கில் (ஆளுக்கொரு உணவு கொண்டுவந்து பகிரும் விருந்தில்) ஆளுக்கொரு பாப் சீகர் பாட்டைச் சொல்லி, அது ஏன் பிடிக்கும் என்று இரண்டு வார்த்தை பேச வேண்டுமாம். "அக்கா, யார் இந்த மனிதர்? எங்கிருந்து ஆரம்பிப்பது? எனக்குத் தெரியாது என்று சொல்லி ஒதுங்கிவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒதுங்க வேண்டாம். மிச்சிகனில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் பேச்சை ஆரம்பிக்க வானிலை, கால்பந்து, சாலைப் பள்ளங்கள் என்று மூன்று விஷயங்கள் உண்டு. சீகர் நான்காவது. மற்ற மூன்றையும் விட அவர் நல்லவர், ஏனென்றால் அவரைப் பற்றிக் கேட்டால் யாரும் புலம்புவதில்லை. தங்கள் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

முதலில் ஆள் யார் என்று பார்ப்போம். 1945இல் டெட்ராய்ட்டில் பிறந்தவர், ஆன் ஆர்பரில் வளர்ந்தவர். அப்பா ஃபோர்டு கம்பெனியில் மருத்துவப் பிரிவில் வேலை பார்த்தவர். பையனுக்குப் பத்து வயது இருக்கும்போது குடும்பத்தை விட்டுவிட்டுக் கலிஃபோர்னியாவுக்குப் போய்விட்டார். பிறகு அம்மாவும் இரண்டு பையன்களும் பணமில்லாமல் கஷ்டப்பட்ட காலம். இந்தப் பின்னணி அவருடைய குரலிலேயே இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். கரகரப்பான, கொஞ்சம் தேய்ந்த குரல். இருபது வயதில் பாடியதிலும் அப்படித்தான் இருந்தது.

இவர் பாடும் வகையை ஹார்ட்லேண்ட் ராக் என்பார்கள். நியூ ஜெர்சியின் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், இண்டியானாவின் ஜான் மெலன்கேம்ப், டாம் பெட்டி எல்லாரும் அந்த வரிசை. பளபளப்பு கிடையாது, கிட்டார், பியானோ, டிரம்ஸ், நேராகச் சொல்லும் ஒரு கதை. கதையில் வருபவர்கள் தொழிற்சாலை ஆட்கள், சின்ன ஊரில் வளர்ந்த பையன்கள், நெடுஞ்சாலையில் இரவெல்லாம் வண்டி ஓட்டுபவர்கள். இளையராஜாவின் இடையிசை கேட்டு வளர்ந்த காதுக்கு முதல் வாரம் 'என்ன இது, ஒன்றுமே நடக்கவில்லையே' என்றுதான் தோன்றும். எனக்கும் தோன்றியது. கொஞ்சம் பொறுங்கள்.

பலரும் உங்களுக்கு 'ஓல்ட் டைம் ராக் அண்ட் ரோல்' பாட்டைத்தான் முதலில் போட்டுக் காட்டுவார்கள். 1983இல் வந்த 'ரிஸ்கி பிசினஸ்' படத்தில் டாம் குரூஸ் உள்ளாடையோடு ஆடுவாரே, அதே பாட்டு. இன்றும் இங்கே கல்யாண வீடுகளில் அது இல்லாமல் நடனம் கிடையாது. நல்ல பாட்டுதான், ஆனால் சீகரைப் புரிந்துகொள்ள அது உதவாது. அதை எழுதியவர்களும் வேறு ஆட்கள். அதேபோல அமெரிக்கப் பாட்டுகளை வரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்த அவருடைய ஒரே பாட்டு 'ஷேக்டவுன்', 1987இல் ஒரு எடி மர்ஃபி படத்துக்காகப் பாடியது. கிளென் ஃப்ரை என்ற பாடகர் பாட வேண்டியது. அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால் இவரிடம் வந்தது. பாட்லக்கில் அதைச் சொன்னால் யாரும் திட்டமாட்டார்கள், ஆனால் பட்டியலைப் பார்த்துவிட்டு வந்தவர் என்று தெரிந்துவிடும்.

ஆரம்பிக்க வேண்டிய இடம் 'லைவ் புல்லட்' ஆல்பம். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஊர்க்காரர்களுக்கு அவர் மேல் இருக்கும் பாசத்தின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

1968 கடைசியில் 'ராம்ப்ளின் காம்ப்ளின் மேன்' என்ற பாட்டு வந்து, நாடு முழுக்க 17ஆம் இடம் வரை போனது. (பின்னணியில் பாடும் இளைஞர் அதே கிளென் ஃப்ரை, பிறகு ஈகிள்ஸ் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர், இவரும் டெட்ராய்ட் பையன்தான்.) சரி, இனி ஏறுமுகம் என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். நடக்கவில்லை. அடுத்த ஏழெட்டு வருடம் மிச்சிகனிலும் சுற்றுவட்டாரத்திலும் அரங்கம் நிறையும். எல்லை தாண்டினால் பெயரே தெரியாது. ஊர் ஊராக வேனில் போய்ப் பாடிக்கொண்டே இருந்தார். 1975 செப்டம்பரில் டெட்ராய்ட் கோபோ அரங்கத்தில் இரண்டு இரவு பாடியதைப் பதிவு செய்து அடுத்த ஆண்டு வெளியிட்டதுதான் 'லைவ் புல்லட்'. நீங்கள் ஆட்டோ ஷோ பார்க்கப் போவீர்களே ஹண்டிங்டன் பிளேஸ், அந்த வளாகத்தில்தான் கோபோ இருந்தது.

1976 ஜூனில் பாண்டியாக் சில்வர்டோம் மைதானத்தில் 75,000 பேருக்கு மேல் கூடியிருக்க அவர் பாடினார். மறுநாள் இரவு சிகாகோவில் நிகழ்ச்சி. ஆயிரம் பேர்கூட வரவில்லை. கார் ஓட்டினால் ஐந்து மணி நேரத் தூரம், அவ்வளவுதான்! இந்தக் கதையை உங்கள் மூத்தவர் நிச்சயம் சொல்வார். சொல்லும்போது சிகாகோ மேல் ஒரு இளக்காரமும் இருக்கும், கவனியுங்கள். உலகம் கண்டுபிடிப்பதற்கு முன்னால் அவர் எங்களுடையவராக இருந்தார் என்ற பெருமை அது. பாண்டியாக் பராசக்தி கோயிலுக்குப் போகும்போது யாரிடமாவது கேட்டால் சில்வர்டோம் இருந்த இடத்தைக் காட்டுவார்கள். 2017 டிசம்பரில் அதை வெடி வைத்துத் தகர்க்கப் பார்த்தார்கள். முதல் நாள் விழவில்லை, மறுநாள்தான் விழுந்தது. இப்போது அங்கே அமேசான் கிடங்கு.

'லைவ் புல்லட்' ஆல்பத்தில் 'டர்ன் தி பேஜ்' கேளுங்கள். ஆல்ட்டோ ரீட் என்பவரின் சாக்ஸபோன் ஆரம்பத்தில் தனியாக அழைக்கும். இடையிசை தேடும் தமிழ்க் காது அங்கே மாட்டிக்கொள்ளும். ஒரு பாடகன் நெடுஞ்சாலையில் போகிறான், களைத்துப்போய் ஒரு உணவகத்துக்குள் நுழைகிறான், அவனுடைய நீண்ட முடியைப் பார்த்து உள்ளே இருப்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். கேட்டும் கேட்காததுபோல் அவன் உட்கார்ந்திருக்கிறான். நானும் என் கணவரும் ஒருமுறை வடக்கே யூ.பி. (மிச்சிகனின் மேல் தீபகற்பம்) பக்கம் போனபோது, சின்ன டைனர் ஒன்றில் கதவைத் திறந்ததும் எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் திரும்பியது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பரிமாறிய பெண்மணி அன்பாகத்தான் இருந்தார். ஆனாலும் முட்டையும் ரொட்டியும் சாப்பிட்டு முடிக்கும்வரை முதுகில் ஒரு கூச்சம் இருந்துகொண்டே இருந்தது. அந்தப் பாட்டை ஒரு வெள்ளைக்கார ராக் பாடகர் எழுதினார் என்பது எனக்கு இன்னும் வேடிக்கையாக இருக்கிறது. மெட்டாலிக்கா குழு 1998இல் இதை மறுபடி பாடியிருக்கிறது. உங்கள் வயதுக்காரர்களுக்கு அதுதான் தெரிந்திருக்கும். அது சத்தமாக இருக்கும். மூலத்தில்தான் களைப்பு இருக்கிறது.

அடுத்து 'நைட் மூவ்ஸ்', 1976. இதுதான் அவரை நாடு முழுக்கக் கொண்டுபோனது, 4ஆம் இடம். பதின்வயதுக் காதல் பாட்டு என்றுதான் தொடங்கும்: வயல்வெளி, பழைய செவர்லே கார், கோடைக்காலம். பாதியில் வாத்தியங்கள் எல்லாம் அடங்கிப்போய் ஒற்றைக் கிட்டார் மட்டும் மிஞ்சும். பாடுபவருக்கு திடீரென்று வயதாகிவிடும். நள்ளிரவில் இடிச்சத்தம் கேட்டு விழித்துக்கொண்டு, பழைய பாட்டு ஒன்றை முனகியபடி படுத்திருப்பார். அப்புறம் மெல்ல மெல்ல வாத்தியங்கள் திரும்பி வரும். அப்போது அவருக்கு முப்பத்தொரு வயதுதான். அந்த வயதில் முதுமையைப் பற்றி அப்படி எழுத முடிந்திருக்கிறது.

'நைட் மூவ்ஸ்' என்ற பெயரிலேயே வந்த ஆல்பத்தில் 'மெயின்ஸ்ட்ரீட்'. பெயர் மெயின் என்றாலும் பாட்டின் தெரு ஆன் ஆர்பரின் ஆன் ஸ்ட்ரீட். அந்தக் காலத்தில் கறுப்பின மக்களின் கடைகளும் இசைக் கூடங்களும் இருந்த தெரு அது. சின்னப் பையன் வெளியே நின்றபடி உள்ளே ஆடும் பெண்ணைப் பார்க்கிறான், அவ்வளவுதான் கதை. நீங்கள் ஒரு சனிக்கிழமை ஆன் ஆர்பர் போனால் அங்கே நடந்து பாருங்கள், பாட்டில் இருப்பது எதுவும் இருக்காது.

என் சொந்தப் பாட்டு எது என்றால் 'அகெய்ன்ஸ்ட் தி விண்ட்', 1980. ஆல்பத்துக்கும் அதே பெயர். பிங்க் ஃபிளாய்டின் 'தி வால்' ஆல்பத்தை முதலிடத்திலிருந்து இறக்கி, ஆறு வாரம் அங்கே உட்கார்ந்திருந்தது, கிராமியும் கிடைத்தது. பள்ளி நாட்களில் நீள ஓட்டம் ஓடிய அனுபவத்திலிருந்து எழுதினேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். இளமையில் எதிர்காற்றில் ஓடியவன், பிறகு எங்கெங்கோ அலைந்துவிட்டு, பொறுப்புகள் தலைக்கு மேல் வந்தபின்னும் ஓடிக்கொண்டிருக்கிறான். அன்று தெரியாமல் இருந்ததெல்லாம் இப்போதும் தெரியாமலே இருந்திருந்தால் நன்றாக இருக்குமே என்று ஓர் இடத்தில் ஏங்குவான். பொதுவாக எல்லாரும் அன்றே தெரிந்திருக்கலாமே என்றுதான் ஏங்குவார்கள். இவர் அதைத் தலைகீழாகத் திருப்பிவிட்டார். ஊரை விட்டு வந்த எந்த ஆளுக்கும் அந்த ஒரு வரி எங்கேயோ தொடும்.

ஆனால் உங்களுக்கென்று நான் எடுத்து வைத்திருக்கும் பாட்டு வேறு: 'மேக்கிங் தண்டர்பேர்ட்ஸ்'. பிரபலமானது இல்லை. 1982 டிசம்பரில் வந்த 'தி டிஸ்டன்ஸ்' ஆல்பத்தில் இருக்கிறது. கார் ஆலைகளில் ஆட்குறைப்பு கடுமையாக நடந்துகொண்டிருந்த நேரம். பாட்டில் ஒரு தொழிலாளி 1955ஐ நினைத்துப் பார்க்கிறான்: நாங்கள் ஃபோர்டின் தண்டர்பேர்ட் கார் செய்தோம், இளைஞர்களாக இருந்தோம், தலை நிமிர்ந்து நடந்தோம். அந்த முதல் தண்டர்பேர்டுகளைச் செய்தது நீங்கள் இப்போது வேலை பார்க்கும் டியர்பார்னில்தான். கடைசி எக்கோஸ்போர்ட் கார் மறைமலைநகர் ஆலையை விட்டு வெளியே வந்ததை அறிந்தவர் நீங்கள். பாட்லக்கில் இந்தப் பாட்டைச் சொல்லி, நான் வந்த ஆலையும் இப்படித்தான் என்று சொல்லுங்கள். இரண்டு வாக்கியம் போதும். அந்த அறையில் வேறு யாராலும் அதைச் சொல்ல முடியாது.

நேரம் இருந்தால் 'ஃபீல் லைக் எ நம்பர்' கேளுங்கள். விசா எண், சமூகப் பாதுகாப்பு எண், பணியாளர் எண் என்று வரிசையில் நிற்கும் இந்தக் காலத்தில் உங்களுக்கு நன்றாகவே புரியும். 'காட்மாண்டு' என்று ஒன்று உண்டு, எல்லாவற்றையும் விட்டுவிட்டு நேபாளத்துக்குப் போகிறேன் என்று கத்துவார். கேட்டுச் சிரிக்கலாம். கோடையில் மேக்கினா பாலத்துக்குக் கார் எடுத்துப் போகும்போது 'ரோல் மி அவே' போடுங்கள். அது மோட்டார் சைக்கிளில் அந்தப் பக்கத்திலிருந்து மேற்கே கிளம்பும் ஆளின் பாட்டு. தொண்ணூறுகளுக்குப் பிந்தைய ஆல்பங்கள் ஏற்றத்தாழ்வாக இருக்கும், அவசரம் இல்லை.

அவர் இங்கேயே இருந்தார் என்பதும் முக்கியம். பெரிய பெயர் வந்தபின்னும் லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடி போகவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் குழந்தைகளை வளர்க்க வேண்டும் என்று மேடையை விட்டு விலகி, பத்து வருடம் ஆல்பமே போடவில்லை. அந்த இடைவெளியில் போர்ட் ஹியூரனிலிருந்து மேக்கினா தீவுக்குப் போகும் பாய்மரப் படகுப் போட்டியில் 2001, 2002 இரண்டு ஆண்டும் தம் பிரிவில் ஜெயித்தார். கடைசிச் சுற்றுப்பயணம் 2019 நவம்பரில் ஃபிலடெல்ஃபியாவில் முடிந்தது. அந்த ஆண்டு கோடையில் கிளார்க்ஸ்டனில் பாடியபோது நாங்கள் புல்வெளி டிக்கெட்டில் போனோம். எங்களைச் சுற்றி எழுபது வயதுக்காரர்கள் நின்றபடியே பாடினார்கள். முட்டி வலி இருந்தால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்ற முடிவோடு வந்திருந்தார்கள். அந்த அரங்கத்துக்கு இப்போது பைன் நாப் என்ற பழைய பெயர் திரும்பிவிட்டது. உள்ளே போகும் சாலைக்கு பாப் சீகர் டிரைவ் என்றே பெயர்.

ஓய்வு பெறுபவரிடம் முன்னாலேயே ஒருநாள் மதிய உணவில், சீகரை முதலில் எங்கே பார்த்தீர்கள் என்று கேளுங்கள். எந்தப் பாட்டு பிடிக்கும் என்பதைவிட நல்ல கேள்வி அது. பிறகு அரை மணி நேரம் நீங்கள் பேச வேண்டியதில்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. யாராவது 'லைக் எ ராக்' போடலாம் என்று சொன்னால் யோசியுங்கள். அருமையான பாட்டு, மிச்சிகன் கார்த் தொழிலாளர்களுக்கு உதவும் என்றுதான் விளம்பரத்துக்குக் கொடுக்கவே சம்மதித்தார். ஆனால் 1991 முதல் 2004 வரை அது ஃபோர்டின் போட்டியாளரான செவர்லேயின் டிரக் விளம்பரம். வாழ்நாள் முழுக்க ஃபோர்டில் இருந்தவருக்கு செவர்லே பாட்டோடு விடைகொடுத்தால் அறையே சிரிக்கும். அவரும் சிரிக்கக்கூடியவர்தானா என்று உங்கள் அணியில் யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள். 'அகெய்ன்ஸ்ட் தி விண்ட்' போடுவதாக இருந்தால் அவர் பேசி முடித்தபிறகு போடுங்கள். முன்னால் போட்டால் அவரால் பேச முடியாது.