நாள்பட்ட டென்னிஸ் எல்போ: ஊசியா, உடற்பயிற்சியா?

மாதக்கணக்கில் தொடரும் டென்னிஸ் எல்போவுக்கு அறுவை சிகிச்சை இல்லாத வழிகளில் எது சிறந்தது என்பதே கேள்வி. மணிக்கட்டை மேல்நோக்கித் தூக்கும் தசைகளின் தசைநாண், முழங்கையின் வெளிப்புற எலும்பு முனையோடு சேரும் இடத்தில் சிதைவதையே இப்பெயரால் குறிப்பிடுகிறோம். நாள்பட்ட நிலையில் அங்கிருப்பது பெரும்பாலும் அழற்சி அன்று. மீண்டும் மீண்டும் பளு ஏறியதால் இழைகள் ஒழுங்கு குலைந்து, சரிவர ஆறாமல் நின்றுவிட்ட நிலை. புரி பிரிந்த கயிற்றை அதற்கு ஒப்பிடலாம். ஆனால் கயிறு தானாக முறுக்கேறாது, தசைநாணோ அளவான இழுவிசை கிடைத்தால் மெல்லத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்.

ஸ்டீராய்டு ஊசி முதல் சில வாரங்களுக்கு வியக்கத்தக்க நிவாரணம் தரும். ஆயினும் ஓராண்டு கழித்து ஒப்பிட்ட ஆய்வுகளில், ஊசி போட்டவர்களைவிடப் போடாதவர்களே நன்றாக இருந்தார்கள். எனவே நாள்பட்ட வலிக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நோயாளியின் சொந்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் பிளேட்லெட் செறிந்த பிளாஸ்மா ஊசி, மருந்தில்லாத போலி ஊசியைவிடக் குறிப்பிடத்தக்க பலன் தருவதாக உறுதிப்படவில்லை. வலியுள்ள இடத்தில் ஒலி அலைகளைச் செலுத்தும் அதிர்வலை சிகிச்சையின் முடிவுகள் கலவையானவை. முன்கையில் கட்டிக்கொள்ளும் பட்டை, கையால் வேலை செய்யும்போது மட்டும் உதவும்.

மிஞ்சுவது பயிற்சி. முன்கையை மேசைமீது வைத்து, உள்ளங்கை கீழ்நோக்கியிருக்க, சிறு எடையை மறுகையின் உதவியால் உயர்த்தி, பிறகு மணிக்கட்டை மிக மெதுவாகத் தாழ்த்த வேண்டும். பலன் தெரிய 2 முதல் 3 மாதங்கள் ஆகலாம்.

வலி தீரும்வரை கையை அசைக்கவே கூடாது என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் முழு ஓய்வு அந்தத் தசைநாணை மேலும் வலுவிழக்கச் செய்யும்.