அமெரிக்காவில் ஸ்கூல் போர்டு கூட்டத்துக்குக் குடியுரிமை இல்லாத பெற்றோர் போகலாமா? போய்ப் பேசினால் பயன் உண்டா?

தாராளமாகப் போகலாம், பேசவும் செய்யலாம். ஸ்கூல் போர்டு என்பது ஊர்ப் பொதுப் பள்ளிகளை நடத்த மக்கள் தேர்ந்தெடுக்கும் குழு. எச்-1பி விசாவில் இருப்பதாகவும், மகள் படிக்கும் தொடக்கப் பள்ளியில் இசை வகுப்பை நிறுத்தப் போவதாகக் கேள்விப்பட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நானும் உங்களைப் போலவே கலிஃபோர்னியாவில் இருப்பவள், பல வருடமாக எங்கள் டிஸ்ட்ரிக்ட் (ஒரு போர்டின் கீழ் வரும் பள்ளிகளின் தொகுதி) கூட்டங்களுக்குப் போய் வருகிறேன், அதனால் இந்த மாநிலத்து நடைமுறையை வைத்துச் சொல்கிறேன்.

இங்கே 1953இல் வந்த பிரவுன் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. நகர மன்றம், ஸ்கூல் போர்டு மாதிரியான அமைப்புகள் மக்கள் முன்னால்தான் கூடி முடிவெடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். வழக்கமான கூட்டம் என்றால் 72 மணி நேரத்துக்கு முன்பே அஜெண்டாவை வெளியிட வேண்டும். ஐந்து பேர் கொண்ட போர்டில் மூன்று பேர் தனியாக ஓர் இடத்தில் உட்கார்ந்து பள்ளி விவகாரத்தைப் பேசினாலே அது சட்டமீறல். உள்ளே வரப் பெயர் எழுதித்தான் ஆக வேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது, விசா பற்றிய பேச்சே அங்கு எழாது. போர்டு தேர்தலில் ஓட்டுப் போடத்தான் குடியுரிமை வேண்டும். (சான் ஃபிரான்சிஸ்கோவில் அதுவும் மாறியிருக்கிறது, 2016இல் வாக்கெடுப்பு நடத்தி, குடியுரிமை இல்லாத பெற்றோரும் ஸ்கூல் போர்டு தேர்தலில் வாக்களிக்க வழி செய்தார்கள்.)

கூட்டம் பெரும்பாலும் மாலையில் இருக்கும். முதலில் மூடிய அறையில் கொஞ்ச நேரம் கூடுவார்கள், ஊழியர் மீதான நடவடிக்கை, வழக்குகள், தொழிற்சங்கப் பேச்சுவார்த்தை போன்றவை அங்கே. அப்புறம் பொது அமர்வு. கொடி வணக்கம், மாணவர்களுக்குப் பாராட்டுச் சான்றிதழ், படம் எடுத்துக்கொள்வது என்று போகும், அது முடிந்ததும் பாதிக் கூட்டம் எழுந்து வீட்டுக்குப் போய்விடும். நீங்கள் அப்போது எழுந்துவிடாதீர்கள். அடுத்து 'கன்சென்ட் காலண்டர்' என்று ஒரு பட்டியல் வரும். ஒப்பந்தங்கள், வேலை நியமனம், ராஜினாமா, செலவுப் பட்டியல் எல்லாவற்றையும் கட்டுக் கட்டாகச் சேர்த்து ஒரே ஓட்டில் நிறைவேற்றிவிடுவார்கள், ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்தப் பட்டியலின் இணைப்புகளை முந்தைய வார இறுதியில் வீட்டிலேயே படித்துவிட்டுப் போவதுதான் இந்த வேலையில் பாதி என்று நான் உறுதியாக நம்புகிறேன், ஏனென்றால் கூச்சலும் பதாகையுமாக நடக்கும் கூட்டத்தைவிட, காலி நாற்காலிகளுக்கு முன்னால் நடக்கும் கூட்டங்களில்தான் நம் பிள்ளைகளின் வகுப்பறை தீர்மானமாகிறது.

இதைச் சொல்லக் காரணம் நாள்காட்டி. ஆளுநரின் பட்ஜெட் முன்மொழிவு ஜனவரி 10க்குள் வரும். ஆசிரியர் வேலையைக் குறைப்பதாக இருந்தால் சம்பந்தப்பட்டவர்களுக்கு மார்ச் 15க்குள் முதல் நோட்டீஸ் போயாக வேண்டும், அப்படியானால் எந்தப் பாடத்தில் எத்தனை பணியிடம் என்ற தீர்மானத்தைப் போர்டு பிப்ரவரியிலோ மார்ச் தொடக்கத்திலோ போட்டுவிடும். டிஸ்ட்ரிக்ட் பட்ஜெட் ஜூலை 1க்குள் நிறைவேற வேண்டும் என்பதால் பெற்றோர் பலர் ஜூனில் கிளம்பி வருகிறார்கள். அதற்குள் இசை ஆசிரியர் வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு போயிருப்பார். நீங்கள் டிசம்பரிலேயே போகத் தொடங்குங்கள்.

உங்கள் விஷயத்தில் கையில் வைத்திருக்க வேண்டிய ஒரு தகவல்: 2022 நவம்பரில் மக்கள் ஓட்டுப் போட்டு ப்ரொபோசிஷன் 28 நிறைவேறியது. பள்ளிகளில் கலைக்கும் இசைக்கும் என்றே மாநிலம் ஆண்டுதோறும் தனிப் பணம் ஒதுக்குகிறது. அந்தப் பணம் ஏற்கெனவே நடக்கிற வகுப்புகளுக்கு மேலே கூடுதலாகச் சேர்க்கத்தான், பழைய செலவை இந்தப் பணத்துக்கு மாற்றிவிட்டு மிச்சம் பிடிப்பதற்கு இல்லை. எப்படிச் செலவானது என்று போர்டு ஒப்புதலோடு வருடாந்தர அறிக்கை வெளியிட வேண்டும், அது டிஸ்ட்ரிக்ட் இணையதளத்தில் இருக்கும். "இசை என் மகளுக்கு மிகவும் பிடிக்கும்" என்று மட்டும் சொன்னால் தலையாட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார்கள். "நம் பள்ளிக்கு வந்த ப்ரொபோசிஷன் 28 பணம் எவ்வளவு, அதில் எத்தனை ஆசிரியர் நேரம் கூடியிருக்கிறது, அப்படியிருக்க இந்த வகுப்பு ஏன் நிறுத்தும் பட்டியலில் இருக்கிறது" என்று கேட்டால் யாராவது பதில் தேடியே ஆக வேண்டும்.

பணம் ஏன் குறைகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மாநிலத்தில் பொதுப் பள்ளி மாணவர் எண்ணிக்கை பத்தாண்டுக்கு முன் சுமார் 62 லட்சம், 2023–24இல் சுமார் 58 லட்சம். பெரும்பாலான டிஸ்ட்ரிக்ட்டுகளுக்குப் பதிவேட்டில் இருக்கும் பெயருக்குப் பணம் கிடையாது, பிள்ளை வந்து உட்கார்ந்த நாளுக்குத்தான். (சொத்து வரியே போதுமான அளவு வரும் பணக்கார ஊர்கள் விதிவிலக்கு.) நாம் டிசம்பரில் ஊருக்குப் போய்ப் பொங்கல் முடித்துத் திரும்புகிறோம், இல்லையா, அந்த வாரங்களுக்கான பணம் பள்ளிக்கு வராது. போவதற்கு முன்பே அலுவலகத்தில் சொல்லி 'இண்டிபெண்டன்ட் ஸ்டடி' ஒப்பந்தம் போட்டு, கொடுத்த பாடத்தைப் பிள்ளை முடித்துக் கொண்டுவந்தால் வருகையாகக் கணக்கில் சேரும். இதைத் தமிழ்க் குடும்பங்கள் எல்லோரிடமும் சொல்லுங்கள், தயவுசெய்து.

பேசுவதற்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும், சில இடங்களில் இணையத்தில் முன்பதிவு. பெரும்பாலும் மூன்று நிமிடம், கூட்டம் அதிகமானால் இரண்டு, சில நாள் ஒன்று. அதனால் ஒரு நிமிட வடிவத்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலம் வராதவர்கள் மொழிபெயர்ப்பாளரோடு பேசினால் இரண்டு மடங்கு நேரம் தர வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. எங்கள் ஊரில் ஒரு பாட்டி தமிழில் பேசினார். பேரனைப் பள்ளியில் விடப் போகும் பின்பக்கக் கேட்டைப் பூட்டிவிட்டார்கள், மூட்டு வலியோடு சுற்றுச்சாலை முழுக்க நடக்க வேண்டியிருக்கிறது, கையில் தள்ளுவண்டியில் சின்னக் குழந்தை வேறு. "ஐயா, அம்மா, காலையில கால் மணி, சாயங்காலம் கால் மணி தொறந்து வச்சா போதும்" என்றார், மகள் ஆங்கிலத்தில் சொன்னாள். அஜெண்டாவில் இல்லாத விஷயம் என்பதால் போர்டு அங்கே அதை விவாதிக்க முடியாது, அது சட்டம், அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் சூப்பரின்டெண்டென்ட்டின் (டிஸ்ட்ரிக்ட்டின் தலைமை நிர்வாகி) உதவியாளர் எழுந்து வந்து அவர்கள் நம்பரை வாங்கிக்கொண்டார், அந்த மாதமே கேட் திறந்தது. நான் அங்கே கேட்ட பேச்சுகளில் அதைவிடத் தெளிவான பேச்சு இல்லை.

தனிப்பட்ட ஆசிரியர் பெயரையோ பிற பிள்ளைகள் பெயரையோ மைக்கில் சொல்லாதீர்கள், எல்லாம் பதிவாகிறது. அந்த மாதிரிப் புகாருக்குப் பள்ளி முதல்வரிடம் தொடங்குவதுதான் வழி.

எனக்கு மனதில் இருக்கும் வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். நம்மவர்கள் கணக்குப் பாடத்தில் வேகமான பிரிவு, பள்ளி எல்லை மாற்றம், இந்த இரண்டுக்கும் நாற்காலி போதாத அளவுக்கு வருகிறோம். ஆங்கிலம் இப்போதுதான் கற்கும் பிள்ளைகளுக்கும் வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் வரும் கூடுதல் நிதி பற்றிய விவாதத்துக்கு நம்மில் ஒருவரும் இருப்பதில்லை. அந்தப் பிள்ளைகள் நம் மகள் பக்கத்திலேயே உட்கார்ந்து படிக்கிறார்கள். அதற்கும் போங்கள்.

போர்டு முடிவு கல்லில் எழுதியது இல்லை. இதே கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் 2022 பிப்ரவரியில் பல பள்ளிகளை மூடவும் இணைக்கவும் முடிவெடுத்தார்கள். பெற்றோரும் ஆசிரியரும் விடாமல் போராடினார்கள், நவம்பர் தேர்தலில் போர்டு மாறியது, 2023 ஜனவரியில் இன்னும் மூடப்படாமல் இருந்த பள்ளிகளில் ஐந்தைக் காப்பாற்றினார்கள்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: பள்ளி நிர்வாகம் சம்பந்தப்பட்ட ஒரு விஷயத்தை அஜெண்டாவில் சேர்க்கச் சொல்லிப் பொதுமக்களே கேட்கலாம், மாநிலக் கல்விச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. எத்தனை நாள் முன்பு எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது உங்கள் டிஸ்ட்ரிக்ட்டின் விதியில் இருக்கும், சூப்பரின்டெண்டென்ட் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் சொல்வார்கள். இசை வகுப்பை அப்படி ஒரு தனி உருப்படியாகக் கேளுங்கள், நாலைந்து பெற்றோர் சேர்ந்து கையெழுத்திட்டு.