நாணயத்தில் ஏறிய புழு

அன்புள்ள ஆசிரியருக்கு,

போட்ஸ்வானாவில், பிரான்சிஸ்டவுன் நகரில் வேலை பார்க்கும் என் அண்ணன் விடுமுறைக்கு வந்தபோது ஒரு 5 பூலா நாணயத்தைத் தந்தார். அதில் ஒரு புழுவின் உருவம். அங்கே அதைச் சமைத்துச் சாப்பிடுவார்கள் என்றதும் வீட்டில் எல்லோரும் முகம் சுளித்தார்கள். அது பட்டுப்பூச்சி வகை என்றும் சொன்னார். அப்படியானால் அதன் பட்டு எங்கே? வளர்ந்தபின் எப்படி இருக்கும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அது மொபானே புழு. செட்ஸ்வானா மொழியில் பானே. அண்ணன் சொன்னது சரிதான், ஆனால் அது நம் காஞ்சிபுரத்துப் புடவைக்கு நூல் தரும் மல்பெரிப் பட்டுப்பூச்சியின் குடும்பம் அல்ல. மருத மரத்தில் வளரும் டசர் பட்டுப்பூச்சியின் குடும்பம். டசர் கூடு கட்டுகிறது, இது கட்டுவதில்லை. தின்று முடித்ததும் மரத்திலிருந்து இறங்கி, மண்ணைத் துளைத்து உள்ளே போய், வெறும் உடம்போடு கூட்டுப்புழுவாகிவிடுகிறது. குளிர்காலத்துத் தலைமுறை ஆறேழு மாதம் அப்படியே மண்ணுக்குள் கிடந்து மழைக்காகக் காத்திருக்கும். செட்ஸ்வானாவில் 'பூலா' என்றாலே மழைதான்.

வெளியே வரும் அந்துப்பூச்சியைப் பற்றித்தான் எனக்கு ஆசையாக எழுதத் தோன்றுகிறது. சிறகு விரித்தால் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர், நம் உள்ளங்கையை நிறைத்துவிடும். வெளிர் பழுப்பிலிருந்து செங்கல் சிவப்பு வரை நிறம் பூச்சிக்குப் பூச்சி மாறும். கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு பட்டைகள் சிறகுகளுக்குக் குறுக்கே ஓடும். அவற்றுக்கு இடையே, பின்சிறகு ஒவ்வொன்றிலும், ஆரஞ்சு நிறத்தில் ஒரு பெரிய கண். உட்கார்ந்திருக்கும்போது முன்சிறகுகள் அதை மூடியிருக்கும்; சட்டென்று விலகினால் கொத்த வந்த பறவையின் முன்னே இரண்டு கண்கள் விழித்துப் பார்க்கும். ஆண் பூச்சியின் உணர்கொம்புகள் இறகு போல விரிந்தவை. பெண்ணின் வாசனையை இருட்டில் தேடிப் பிடிப்பது அவற்றால்தான்.

இந்தப் பூச்சியால் எதையும் உண்ண முடியாது. மூன்று நான்கு நாள் வாழ்வில் இணை சேர்ந்து முட்டையிட்டுவிட்டு இறந்துவிடும். அந்தச் சிவப்பும் ஆரஞ்சும் புழுவாக இருந்த சுமார் ஆறு வாரத்தில் மொபானே இலையைத் தின்று சேர்த்த சேமிப்பிலிருந்து வந்தவை. ஆகவே முகம் சுளித்தவர்களுடன் எனக்கு உடன்பாடில்லை. போட்ஸ்வானாவிலும் ஜிம்பாப்வேயிலும் நமீபியாவிலும் தென்னாப்பிரிக்காவின் வடக்கிலும் பெண்கள் அந்தச் சேமிப்பைத்தான் கையால் பறிக்கிறார்கள். புழுவின் ஒரு முனையைக் கிள்ளி, விரலால் அழுத்தி உருவினால் பச்சை இலைச்சாறு பீறிட்டு வெளியேறும். பிறகு உப்புநீரில் வேகவைத்து வெயிலில் காயவைத்தால் மாதக்கணக்கில் கெடாது. காய்ந்த எடையில் பாதிக்கு மேல் புரதம். இறைச்சி வாங்க முடியாத வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய துணை! பள்ளிக் கட்டணம் கட்டவும் அதை விற்ற காசு உதவுகிறது. கவலை ஒன்றுதான்: மரத்தில் ஒன்றுகூட விடாமல் பறித்துவிட்டால் மண்ணுக்குள் இறங்க எதுவும் மிஞ்சாது.

பிரான்சிஸ்டவுன் மொபானே மரங்களின் நாடுதான். மழை தொடங்கியதும் இரவில் வாசல் விளக்கைப் போட்டுவைக்கச் சொல்லுங்கள் அண்ணனிடம். பூச்சி வந்து உட்கார்ந்தால் சிறகைத் தொட வேண்டாம், செதில் உதிர்ந்துவிடும். படம் எடுத்தால் எனக்கும் ஒன்று அனுப்புங்கள்.