யோசித்துச் சொல்கிறோம் என்கிறார்கள்

கேள்வி: எங்கள் மாடி வீட்டை நான்கு பேர் பார்த்துவிட்டார்கள். எல்லோரும் ‘யோசித்துச் சொல்கிறோம்’ என்கிறார்கள். விலையைக் குறைக்கவா? – வாசகி, மண்டபம்

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மா. பாம்பனில் என் வீட்டை விற்றபோதும், வந்தவர்கள் விலையைப் பேசவில்லை. அண்ணாந்து கூரையைத்தான் பார்த்தார்கள். உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்து, சிமெண்டுப் பூச்சு பெயர்ந்திருந்தது. வெள்ளையடித்து மறைக்க மனம் வரவில்லை. கொத்தனாரை வைத்துத் துருவைச் சுரண்டிப் பூசினேன். கிணற்று நீரைச் செம்பில் மொண்டு கொடுத்து, ‘குடித்துப் பாருங்கள், லேசாக உவர்க்கும்’ என்றேன். அடுத்து வந்தவர் வாங்கிக்கொண்டார். தாய்ப்பத்திரம் (சொத்தின் முந்தைய உரிமைப் பத்திரம்), பட்டா, 30 ஆண்டு வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டுவது) ஆகிய மூன்றின் நகலையும் கேட்கும் முன்பே கொடுத்துவிடுங்கள்; பாதித் தயக்கம் அங்கேதான் இருக்கிறது. முன்பணம் வாங்கினால் கெடுவைக் குறிப்பிட்டு ஒப்பந்தம் எழுதுங்கள். விலையைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம், அவர்கள் கேட்டால்.