சமையல் மேடைக் கல் மிச்சத்தில் பீடம் செய்யலாமா?

கேள்வி: காரைக்குடியில் வீட்டு முன்கட்டில் சின்னக் கைவினைக் கடை வைத்திருக்கிறேன். பழைய பித்தளை விளக்குகள், தேக்குச் சிற்பத் துண்டுகள், கொட்டான் (பனையோலைக் கூடை) எல்லாம் விற்கிறோம். பக்கத்து கிரானைட் பட்டறையில், சமையல் மேடைக்கு வெட்டியதுபோக மிஞ்சும் கற்களை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். பொருள்களை வைக்கப் பீடமாக்க ஆசை. நானே வெட்டி பாலிஷ் போட முடியுமா?

பதில்: பீடம் தாராளமாகச் செய்யலாம். வெட்டுவதை மட்டும் பட்டறையிலேயே முடித்துவிடுங்கள். அதைவிட நல்லது, வெட்டவே வேண்டாத கல்லாகப் பார்த்து எடுப்பது. சிங்க் வைப்பதற்காக வெட்டியெடுத்த செவ்வகத் துண்டுகளை முதலில் கேளுங்கள். மிச்சத்தில் பெரும்பாலும் பெரியது அதுதான், ஒரு பக்கம் பாலிஷும் தயாராக இருக்கும்.

எடுக்கும்போது கல்லை நனைத்து, காய்வதைப் பாருங்கள். மற்ற இடம் காய்ந்த பிறகும் ஒரு கோடு மட்டும் கருப்பாக நின்றால் அது விரிசல். அந்தத் துண்டை விட்டுவிடுங்கள். கருப்புக் கல்லை அசிட்டோன் தொட்ட வெள்ளைத் துணியால் துடையுங்கள். கருப்பு ஒட்டினால் சாயம் ஏற்றிய கல்.

பளிங்கும் கலந்து கிடக்கும். அடிப்பக்கத்தில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கும், கத்தியால் கீறினால் கோடு விழும். உங்கள் கடைக்கு இது முக்கியம். புளி போட்டுத் தேய்த்த விளக்கைச் சரியாகக் கழுவாமல் பளிங்கில் வைத்தால், புளித்தண்ணீர் பட்ட இடம் மங்கிப்போகும். பித்தளைக்குக் கிரானைட்டே சரி.

இப்போது தூசி. கிரானைட்டில் குவார்ட்ஸ் என்ற சிலிக்காக் கனிமம் இருக்கிறது. அதை உலர வெட்டும்போது கிளம்பும் நுண்தூசி நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் என்ற நோய் வரலாம், வந்தால் குணமாக்க முடியாது. முகத்தில் துண்டு கட்டினால் அந்தத் தூசி நிற்காது. தொழிற்சாலையில் பிசின் சேர்த்துச் செய்யும் 'குவார்ட்ஸ்' பலகைகள் இன்னும் மோசம்; பலவற்றில் 90 சதவீதத்துக்கு மேல் சிலிக்கா. ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தப் பலகைகளைத் தடை செய்துவிட்டது. புள்ளி எங்கும் ஒரே சீராக இருக்கும் கல்லானால், என்ன கல் என்று பட்டறையில் கேளுங்கள். குவார்ட்ஸ் பலகை என்றால் அப்படியே பீடமாக வையுங்கள், வெட்டவோ தேய்க்கவோ வேண்டாம்.

கிரானைட்டின் கூர் ஓரத்தை மட்டும் நீங்களே மழுக்கலாம். மெஷின் தேவையில்லை. தண்ணீர் விட்டுக்கொண்டே 120 நம்பர் எமரி ஷீட்டை மரக்கட்டையில் சுற்றி, விளிம்பைச் சாய்வாகத் தேய்த்தால் போதும். கண்ணாடிப் பளபளப்பு வேண்டுமானால் பட்டறையில் அடிக் கணக்கில் பாலிஷ் போட்டுத் தருவார்கள். எனக்கென்னவோ பழைய பொருளுக்கு மங்கலான ஓரம்தான் அழகு. இந்த வேலையை முற்றத்தில் செய்யாதீர்கள். கல்துகள் ஆத்தங்குடித் தரையைக் கீறும், சேறு மழைநீர் போகும் வழியில் இறுகிக்கொள்ளும். பின்கட்டுக்கு வெளியே வைத்துக்கொண்டு, சேறு காயும் முன் அள்ளிவிடுங்கள்.

அப்புறம், பழைய பொருள் எதையும் கல்லில் பசை போட்டு ஒட்டாதீர்கள். எபாக்சிப் பசை பிடித்தால், சேதமில்லாமல் பிரித்தெடுப்பது பெரும்பாடு. பொருளின் மதிப்பும் போகும். விளக்கு தன் எடையிலேயே நிற்கும், அடியில் மெல்லிய ஃபெல்ட் துணி போதும். நிற்காத சிற்பத்துக்குக் கல்லில் துளை போட்டு, கம்பி நட்டு, அதில் தாங்க வையுங்கள். கம்பியைக் கல்லோடு எபாக்சியால் ஒட்டலாம். பட்டறைக்காரரிடமே தண்ணீர் விட்டு 6 மில்லிமீட்டர் டைமண்ட் பிட்டால் துளை போடச் சொல்லுங்கள். ஓரத்திலிருந்து இரண்டு அங்குலமாவது தள்ளி இருக்கட்டும். சில கற்களின் பின்னால் வலை ஒட்டியிருப்பார்கள். அந்த வலைமேல் எதையும் ஒட்டினால் வலையோடு உரிந்து வரும்.

18 மில்லிமீட்டர் கனமுள்ள கிரானைட் ஒரு சதுர அடிக்கு சுமார் நாலரை கிலோ. சுவர்ப் பலகையில் வைக்கும்முன் அதையும் கணக்கில் எடுங்கள். நான்கு மூலையிலும் ரப்பர் புஷ் ஒட்டினால் தரையும் கீறாது, தூக்க விரல் நுழைய இடமும் கிடைக்கும்.